கனகு உம் கொட்டுகிறாள்

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை உம் கொட்டினாள்.

மணவாளன் பேனாவை மைக்கூட்டில் தோய்த்த கை தோய்த்தபடியே இருக்க, காதைத் தீட்டினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "உம்" வந்தது. தூக்கத்தில் முனகுகிற உம் இல்லை அது. கதை சொல்கிறவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே கச்சிதமாக விழுகிற உம், "அப்புறம்?" என்று கேட்காமல் கேட்கிற உம். பிள்ளை உம் கொட்டினால் யாராவது கதை சொல்ல வேண்டும் அல்லவா? அந்தக் குரலைத்தான் காணோம். தொழுவத்தில் மாடு அசைபோடும் சத்தம் கேட்டது, ஐப்பசி மழையில் நிரம்பிய பாகூர் ஏரி மதகு வழியே வாய்க்காலில் இறங்குகிற இரைச்சல் கேட்டது, கழனித் தவளைகள் ஊரையே விலைக்கு வாங்கியவை போலக் கத்தியது கேட்டது. மனிதக் குரல் மட்டும் இல்லை.

"உம்."

எழுந்து போய்ப் பார்த்தான். உள்ளறையில் சிம்னி விளக்கு தணிந்து எரிந்தது. ஐந்து வயதுக் கனகாம்பாள், வீட்டுக்குக் கனகு, பாயில் ஒருக்களித்துச் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கண் திறந்தே இருந்தது. பாயின் மறுபாதியைக் காலியாக விட்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தாள். அறையில் மை வாசனை அடித்தது. மைக்கூடோ அவனுடைய மேசையில் இருந்தது.

"கனகு, தூங்கலையா?"

"ஷ்," என்றாள் குழந்தை. அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணவாளன் கதையை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பகலில் அவனுக்கு மேரி ஆபீசில், அதாவது பிரெஞ்சுக்காரன் நகராட்சியில் வேலை. பாகூர் கம்யூன் வட்டாரத்தில் பிறந்தவர் இறந்தவர் பெயரையெல்லாம் அங்கே கொடுத்த தடித்த புத்தகத்தில் எழுத வேண்டும். அப்பன் விட்டுப்போன நாலு காணி நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தான். ஆனால் அவன் மனசு முழுக்கக் கதையில். ஊரார் பெயரை எழுதி எழுதிக் கை காய்த்தவனுக்குச் சொந்தமாக எழுதக் கிடைத்தது விளக்கு வைத்த பிறகு வரும் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கனகுவும் கேட்டாள். வில்லியனூர்த் தேருக்குப் போனபோது வாங்கிக் கொடுத்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "படிப்பா" என்று தொடையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். தாய் ஆதிலட்சுமிக்கு எழுத்து வாசனை கிடையாது. படித்துக் காட்டுவதற்கு வீட்டில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படித்தான் கொஞ்ச நாள் ஓட்டினான். வாய் படிக்கும், மனசு தன் கதையில் இருக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளுவான். ஆடி மாதத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்று, தொடர்கதை எழுதுங்கள் என்று கடிதம் போட்டது. அன்றோடு புத்தகம் மேசையடிக்குப் போனது. "நாளைக்கு", "நாளைக்கு" என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. முதலில் அழுத குழந்தை பிறகு அழவில்லை. அந்த நிம்மதியில் அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

உள்ளறையிலிருந்து நேராக அடுக்களைக்குப் போனான். ஆதிலட்சுமி குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ கதை கிதை சொன்னியா அவளுக்கு?"

"நானா? நீங்கதான் படிக்கிறீங்கன்னு நெனைச்சேன். நாலு நாளா உம் கொட்டிகினு கெடக்கிறாளே." அவள் கரண்டியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீங்க இல்லையா?"

மறுநாள் காலையில் பழையது சாப்பிட உட்கார்ந்தபோது மகளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"ராத்திரி யாருக்குடி உம் கொட்டின?"

"படிக்கிறவங்களுக்கு."

"யாரு படிக்கிறது?"

இது என்ன கேள்வி என்பதைப் போலக் கனகு பார்த்தாள். "நல்லாப் படிக்கிறாங்க. உன்ன மாதிரி ரெண்டு பக்கத்த ஒண்ணாத் தள்ள மாட்டாங்க."

பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, எங்கே கண்டுபிடிக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தான். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் உம் கொட்டியிருக்கிறாள்.

அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே வீட்டைக் கழுவி, கோயில் பூசாரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வந்ததென்னவோ பொறாமை. என் பிள்ளைக்கு, என் வீட்டில், என்னைவிட நன்றாகப் படிக்கிறவன் எவன்?

"என்ன கதை அது?" என்றான்.

"செண்பகம் கதை. செண்பகம் கெணத்துல எட்டிப் பார்த்தா. கெணத்துக்குள்ள இருந்த செண்பகம் எட்டிப் பார்க்கல."

மணவாளன் நிமிர்ந்து மகளைப் பார்த்தான். செண்பகம் அவனுடைய தொடர்கதையில் புதிதாக வரப்போகிற பெண். முந்தின நாள் மேரியில் யாரோ செத்தவர் பெயரை எழுதும்போதுதான் அந்தப் பெயர் தோன்றியது. இன்னும் தாளில்கூட ஏற்றவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் அவளைக் கிணற்றடிவரை கூட்டிவந்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல்தான் ராத்திரியெல்லாம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அடப்பாவி, அவன் என்ன செய்தான் தெரியுமா? சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிப்போய் அதை எழுதினான்.

அப்படியே பழகிப்போனது. இரவில் சுவரில் காதை வைத்து உம்களை எண்ணுவான். காலையில் மகளிடம் கதையைப் பிடுங்குவான். கன்னியக்கோயிலில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டிக் கடலூர் தபாலாபீசுக்கு உறை போகும். பத்திரிகை ஆசிரியர் எழுதினார்: "இத்தனை நாள் எழுதியது வேறு ஆள், இப்போது எழுதுவது வேறு ஆள் என்று தோன்றுகிறது. வாசகர்கள் தூங்கவில்லை என்கிறார்கள்." கடிதத்தை ஆதிலட்சுமிக்கு வாசித்துக் காட்டப் போனவன் பாதியில் நிறுத்திவிட்டான். பாராட்டெல்லாம் அந்த வேறு ஆளுக்கு. இவன் வெறும் தபால்காரன்.

கனகுவும் வரவர மிச்சம் மீதி மட்டும் சொன்னாள். "மறந்துட்டேன்" என்பாள். "நல்லா இருந்துச்சு" என்பாள், அவ்வளவுதான். கமர்கட் வாங்கிக் கொடுத்தான், பலூன் வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் அவள், "அத உன்கிட்ட சொல்ல வேணாம்னாங்க" என்றபோது, கையைப் பிடித்து உலுக்கிவிட்டான். குழந்தை அழவில்லை. எங்கேயோ கேட்ட குரலை நினைவுபடுத்திக்கொள்கிற முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பிஞ்சுக் கையில் ஐந்து விரலும் பதிந்திருந்ததை ஆதிலட்சுமி பார்த்துவிட்டாள். அன்று மத்தியானமே இரண்டு புடவையை மூட்டை கட்டினாள்.

"நான் எங்க அக்கா வூட்டுக்குப் போறேன். புள்ளையும் வர்றா."

"ஆதி, இன்னாடி இது?"

"இன்னாவா? உங்களுக்கு எப்பப் பார்த்தாலும் கதை. அந்தப் புள்ள உங்களுக்காக ஏங்கி ஏங்கித்தான் எதுக்கோ உம் கொட்டிகினு கெடக்குது. முகம் தெரியாத குரலுக்கு உம் கொட்டக் கூடாதுங்க. உம்முன்னா சரின்னு அர்த்தம். சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னா, அப்புறம் அது சொல்றபடிதான் நடக்கும். எங்க வூட்ல பச்சப் புள்ளைக்குக்கூட இது தெரியும்." அவள் மூட்டையை இறுக்கி முடிந்தாள். "இன்னிக்கு விளக்கு வெச்சதும் வாங்க. புஸ்தகத்த எடுத்துகினு வாங்க. உங்க வாயால, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிங்க. அவளுக்கு அப்பா குரல் ஞாபகம் வரட்டும். வரலைன்னா அப்புறம் எனக்குத் தெரியாது."

"வரேன்."

கனகு வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமா."

"பக்கம் தள்ளாம?"

"தள்ளாமப் படிக்கிறேன் கண்ணு."

அப்போது அவன் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னான்.

ஆதிலட்சுமியின் அக்கா தையலம்மாள் வீடு அடுத்த தெருவில், ஏரிக்கரை ஏறி இறங்கினால் வந்துவிடும். விளக்கு வைத்ததும் கால் முகம் கழுவிக்கொண்டான். மேசையடியில் கிடந்த கதைப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வாசலுக்குப் போகும் வழியில் உள்ளறை. கதவு திறந்திருந்தது. பாய் விரித்தபடியே கிடந்தது. மை வாசனை, இப்போது எழுதிய தாளை முகத்தில் வைத்ததைப்போல, குப்பென்று அடித்தது.

நின்றான்.

தொடர்கதையின் கடைசி அத்தியாயம் மறுநாள் தபாலில் போயாக வேண்டும். ஒரு வரிகூட இல்லை. கேட்கிறவள் போய்விட்டாள். சொல்கிறவன் இருக்கிறானா? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனால் என்ன. ஒரே நிமிஷம். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறவன் எனக்குச் சொல்ல மாட்டானா? அவளுக்கு அதன் அருமை என்ன தெரியும்? "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் அவளுக்கு என்ன தெரியும்?

விளக்கைத் தணித்தான். மகள் படுக்கிற இடத்தில், மகள் படுக்கிற மாதிரியே சுவரைப் பார்த்துக் காலைக் குறுக்கிப் படுத்தான். பாயில் அவளுடைய எண்ணெய் வாசனை இருந்தது.

"உம்," என்றான்.

ஒன்றுமில்லை. மதகு இரைந்தது. தவளைகள் கத்தின.

குரலைச் சன்னமாக்கி, குழந்தையைப்போல, இன்னொரு முறை: "உம்."

தவளைகள் ஓய்ந்தன.

முதுகுக்குப் பின்னால் பாய் அமுங்கியது. தாள் புரளும் சத்தம், ஒரே ஒரு தாள். பிறகு குரல்.

அது அவனுடைய குரல். அவனுடைய அதே கரகரப்பு, வாக்கியம் முடியும் இடத்தில் அவன் இழுக்கிற அதே இழுப்பு. அவசரம் மட்டும் இல்லை. மேரியும் தபாலும் சென்னையும் அந்தக் குரலில் இல்லை. கேட்கிற பிள்ளையைத் தவிர வேறு நினைப்பே இல்லாத ஒரு மணவாளன் படித்துக்கொண்டிருந்தான். இவன் ஒருநாளும் அப்படிப் படித்ததில்லை. கனகு இதைத்தான் கேட்டாளா? பொறாமையில் கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

"ஒரு சிறுமி தன் பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து தகப்பனுக்காகக் காத்திருந்தாள்," என்று படித்தது குரல். நிறுத்தியது.

"உம்."

"வருகிறேன் என்று சொன்ன தகப்பன் வரவில்லை. நானே போய் அழைத்து வருகிறேன் என்று அவள் யாருக்கும் தெரியாமல் எழுந்தாள்."

எழுந்திரு, என்றது மனசு. எழுந்து ஓடு. ஏரிக்கரை. இருட்டு. தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. இப்போதே ஓடினால் பாதி வழியில் பிடித்துவிடலாம்.

குரல் காத்திருந்தது. அவன் உம் கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுபோகும். அது அவனுக்குப் புரிந்தது. அடுத்த வாக்கியம் ஒருநாளும் வராது என்பதும் புரிந்தது.

"உம்."

"இருட்டுக்கு அவளைத் தெரியும், அவளுக்குத்தான் இருட்டைத் தெரியாது."

ஐயோ, என்ன வாக்கியம்! பெற்ற மகள் கரைமேல் தனியாக வருகிறாள், இந்த மனுஷன் வாக்கியத்தை மனப்பாடம் செய்தான். உதடு அசைய ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"உம்."

"அவள் கரையிலிருந்து இறங்கினாள். தன் தெருவுக்கு வந்தாள்."

"உம்."

"தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்."

வாசற்கதவில் சத்தம். சின்னக் கை. தாழ்வாக, கதவின் அடிப்பாதியில்.

"அப்பா."

கனகுவின் குரல்தான். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அப்பா, கதவத் தெறப்பா. இருட்டா கீது."

மணவாளன் கையை ஊன்றினான். குரல் காத்திருந்தது. ஒரே ஒரு வரி. அதைக் கேட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஒரே வரி.

"உம்."

"தகப்பன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்."

நல்ல வேளை, என்று மூச்சுவிட்டான். எழுந்தான்.

எழவில்லை. கை கால் அசைய மறுத்தன.

முதுகுக்குப் பின்னால் பாய் லேசானது. யாரோ எழுந்தார்கள். வலது குதிகாலைத் தேய்த்து நடக்கிற நடை. அவனுடைய நடை. கூடத்தைக் கடந்தது. தாழ்ப்பாள் விலகியது.

"அப்பா!" என்று குழந்தை கத்தினாள். மாதக்கணக்காக அவன் கேட்காத சந்தோஷம் அந்தக் கத்தலில் இருந்தது. "நீ வரவே இல்ல. நானே வந்துட்டேன்."

"வாம்மா. போகலாம். போய்ப் படிக்கிறேன்."

கை கால் திரும்ப வந்தபோது பாயிலிருந்து உருண்டு, சுவரைப் பிடித்து, வாசலுக்கு ஓடினான். தெருவில் மங்கலான நிலா வெளிச்சம். அவனுடைய சட்டை. கக்கத்தில் கதைப் புத்தகம். அந்த ஆளின் விரலைப் பிடித்துக்கொண்டு கனகு குதித்துக் குதித்துப் போனாள். பாதித் தெருவில் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா. நம்ம வூட்ல யாரோ நிக்கிறாங்க."

அந்த ஆள் திரும்பவில்லை. "யாரும் இல்லம்மா. நீ கதையக் கேளு."

கனகு என்று கூப்பிட வாயைத் திறந்தான் மணவாளன்.

"உம்," என்று வந்தது.

இருவரும் கரையேறினார்கள். பின்னாலேயே ஓடினான். எவ்வளவு ஓடியும் அதே தூரம். கரைமேல் ஒரு அரிக்கேன் விளக்கு தள்ளாடிக்கொண்டு எதிரே வந்தது. ஆதிலட்சுமி. தலை கலைந்து, மகள் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு வந்தாள். ஆதி, அது நான் இல்லை, என்று கத்தினான். உம், உம், என்று வந்தது. அவள் விளக்கைத் தூக்கி அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். "உயிரே போயிடுச்சுங்க எனக்கு. வாங்க, உள்ள வாங்க."

தையலம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தெருப்பக்க ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கூடத்தில் விளக்கு. மடியில் கனகு. அந்த ஆளின் முதுகும் பிடரியும்தான் இவனுக்குத் தெரிந்தன. ஆதிலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் இவனை ஒருநாளும் பார்க்காத பார்வையாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் படித்தது. ஒவ்வொரு பக்கமாக. ஒன்றும் தள்ளாமல்.

அது என் இடம், என்று சொன்னான். என் மடி. என் பிள்ளை.

"உம்."

கனகு தலையைத் தூக்கினாள். "அப்பா, வெளியில யாரோ உம் கொட்டுறாங்க."

"கொட்டட்டும்மா," என்றது குரல். தாளைத் திருப்பியது. "ஜன்னலுக்கு வெளியே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்."

வாயைப் பொத்தினான். இரண்டு கையாலும் பொத்தினான். விரலிடுக்கில் வந்தது.

"உம்."

"அவன் மனைவி எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள்."

ஆதிலட்சுமி எழுந்தாள். ஜன்னலுக்கு வந்தாள். கம்பியில் அவன் விரல்கள். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். அவள் நேராக அவன் கண்ணுக்குள் பார்த்தாள், இருட்டைப் பார்ப்பது போல.

"மழை வரும் போல கீது," என்றாள் உள்ளே திரும்பி.

"உம்," என்றான் மணவாளன்.

ஜன்னல் சாத்திக்கொண்டது. வெளியே யாரும் இல்லை.